ஓடிகே கலெக்ட் மக்கர் செய்தால்: கிளினிக் ஆய்வுத் தரவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஓபி வரிசையில் காத்திருக்கும் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கி நம் ஆய்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். அதனால் அவருக்கு நேரடியாக எந்தப் பயனும் கிடையாது. அந்தப் பதில்கள் ஒரு மென்பொருள் கோளாறில் தொலைந்தால் திரும்பப் போய்க் கேட்கவும் முடியாது, அன்றைய பிபி அன்றைக்கு மட்டும்தான் கிடைக்கும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும், ஏற்கெனவே வாங்கிய பதில்களுக்கு ஆபத்து வராத வழியை முதலில் சொல்லி, சரிசெய்யும் வழியை அப்புறம் சொல்கிறேன்.

ஓடிகே என்பது போனில் படிவம் நிரப்பித் தரவு சேகரிக்கும் மென்பொருள். அது 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட்டானோ போரியெல்லோவின் குழுவில் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போனில் ஓடும் ஓடிகே கலெக்ட் செயலியும், அதற்கான ஓடிகே சென்ட்ரல் சர்வரும் இன்று பலர் பயன்படுத்தும் இணை. இதே வகை மென்பொருளான கோபோடூல்பாக்ஸின் (சுருக்கமாக கோபோ) கோபோகலெக்ட் செயலியும் ஓடிகே கலெக்டிலிருந்து வந்ததுதான். ஆகவே போன் பக்கத்துக் கோளாறுகள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப மருத்துவர் கிளினிக்கிலோ ஆய்வு செய்யும் மருத்துவர்கள், முதுநிலை மாணவர்கள், களத்தில் படிவம் நிரப்பும் செவிலியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி: அந்தப் பதிவு இப்போது எங்கே நிற்கிறது? அதற்கு ஐந்து இடங்கள்தான் உண்டு. போனில் வரைவாக, போனில் முடித்து அனுப்பக் காத்திருப்பதாக, போனிலிருந்து அனுப்பப்பட்டதாக, சர்வரில் ஏறியதாக, சர்வரிலிருந்து இறக்கிய கோப்பில் ஒரு வரியாக. எந்த இடம் வரை வந்திருக்கிறது, எங்கே காணோம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் செயலியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். போனில் அனுப்பாத பதிவுகள் இருக்கும்போது செயலியை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு அமைப்பில் போய் "கிளியர் டேட்டா" கொடுக்காதீர்கள். வங்கிச் செயலி, அரட்டைச் செயலி எல்லாவற்றுக்கும் "எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க" என்பதுதான் வழக்கமான ஆலோசனை. அவற்றின் தரவு சர்வரில் இருப்பதால் அங்கே அது பலிக்கும். இங்கே அனுப்பாத பதிவு அந்தப் போனைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. செயலியை எடுத்தால் பதிவுகளும் கூடவே போய்விடும். கிளினிக்கில் போனைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பயிற்சியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

## படிவம் போனில் தெரியவில்லை

போனைச் சர்வரோடு இணைக்கும் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தாயிற்று, பட்டியல் காலியாக இருக்கிறது. சென்ட்ரலில் இதற்கு மூன்று காரணங்கள். படிவத்தை ஏற்றிவிட்டு வெளியிடாமல் வரைவு நிலையிலேயே விட்டிருக்கலாம். வெளியிட்டிருந்தாலும், அந்தச் செயலிப் பயனருக்கு (போனுக்கென்று சென்ட்ரலில் உருவாக்கும் கணக்கு) அந்தப் படிவத்தை அணுகும் அனுமதிக் கட்டத்தில் டிக் போடாமல் இருந்திருக்கலாம். புதிதாக ஒரு படிவம் சேர்த்த நாளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். மூன்றாவது, படிவத்தின் நிலை "குளோசிங்" என்றோ "குளோஸ்டு" என்றோ மாற்றப்பட்டிருக்கலாம். குளோசிங்கில் புதிதாக இறக்க முடியாது, ஆனால் ஏற்கெனவே நிரப்பியவற்றைச் சர்வர் வாங்கிக்கொள்ளும். குளோஸ்டு என்றால் வாங்கவே வாங்காது. ஆய்வு முடியும் கட்டத்தில் முதலில் குளோசிங்கில் வைத்து, எல்லா போன்களும் காலியான பிறகு குளோஸ்டு ஆக்குவதுதான் முறை.

கோபோவில் என்றால் "டிப்ளாய்" பொத்தானை அழுத்தினீர்களா என்று பாருங்கள். இன்னொன்று: கோபோவுக்கு உலகளாவியது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கானது என்று இரண்டு பொதுச் சர்வர்கள் உண்டு. ஒன்றில் திறந்த கணக்கு மற்றதில் இருக்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் சர்வர் முகவரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலை இன்னும் ஆபத்தானது. படிவம் தெரிகிறது, நிரப்பவும் முடிகிறது, ஆனால் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் "டிராஃப்ட்" என்று இருக்கிறது. யாரோ சோதனைக்கான க்யூஆர் கோடை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகள் சோதனைப் பதிவுகளாகச் சர்வரில் போய் உட்காரும். நீங்கள் அந்த வரைவை வெளியிட்டதும் சோதனைப் பதிவுகள் நீக்கப்பட்டுவிடும். கண்டுபிடித்த கணமே செய்ய வேண்டியது: வெளியிடும் பொத்தானைத் தொடாமல், முதலில் சோதனைப் பதிவுகளைக் கோப்பாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்தப் போனுக்குச் சரியான க்யூஆர் கோடைக் கொடுங்கள். தரவு சேகரிப்பு தொடங்கும் காலையில் ஒவ்வொரு போனிலும் படிவத்தின் பெயரைப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

## படிவத்தைத் திருத்தியும் போனில் பழையதே வருகிறது

சர்வரில் புதிய பதிப்பு வெளியாகியிருந்தும் போன் அதை இறக்காமல் இருக்கிறது என்று பொருள். கலெக்டில் படிவம் புதுப்பிக்கும் முறை மூன்று: கையால் செய்வது, முன்பு இறக்கியவற்றை மட்டும் புதுப்பிப்பது, சர்வரோடு அப்படியே ஒத்துப்போவது. மூன்றாவதை வைத்தால் போனில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பல பேர் கையில் போன் இருக்கும் ஆய்வுக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுப்பித்த பிறகும் ஒருவரின் படிவம் மட்டும் பழைய கேள்விகளைக் காட்டினால், அது பழைய பதிப்பில் தொடங்கி வரைவாக விட்டது. எந்தப் பதிப்பில் தொடங்கியதோ அதிலேயே முடியும். அதில் தவறில்லை, முடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆய்வின் நடுவில் படிவத்தைத் திருத்துவது வேறொரு விளைவையும் கொண்டுவரும். கேள்வியின் வாசகத்தைத் திருத்தலாம், பிழையில்லை. ஆனால் எக்ஸ்எல்எஸ்ஃபார்மில் (படிவத்தை வடிவமைக்கும் எக்செல் கோப்பில்) கேள்வியின் உள்பெயரை மாற்றினால் சர்வருக்கு அது வேறு கேள்வி. பழைய பதில்கள் பழைய பெயரிலும் புதியவை புதிய பெயரிலும் இருக்கும். இறக்கிய கோப்பில் "நேற்று வரை இருந்த புகைப்பழக்கக் கேள்வியின் பத்தியையே காணோம்" என்று பதறுவது இதனால்தான். தரவு எங்கும் போகவில்லை. சென்ட்ரலில் இறக்கும்போது, இப்போதைய படிவத்தில் இல்லாத புலங்களையும் சேர்க்கும் தேர்வை டிக் செய்யுங்கள். கோபோவில் எல்லாப் பதிப்புகளின் தரவையும் சேர்க்கும் தேர்வு இருக்கிறது. இரண்டு பத்திகளும் வந்துவிடும், பகுப்பாய்வில் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

மோசமானது, விடைத் தேர்வுகளின் குறியெண்ணை மாற்றுவது. முதலில் 1 என்றால் "ஆம்", 2 என்றால் "இல்லை" என்று வைத்துவிட்டு, நடுவில் 0 என்றால் "ஆம்", 1 என்றால் "இல்லை" என்று மாற்றினால் 1 என்ற பதிலுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். எந்தப் பதிவு எந்தப் பதிப்பில் நிரப்பப்பட்டது என்ற தகவல் பதிவோடு இருப்பதால் அதை வைத்துப் பிரிக்கலாம், ஆனால் அந்த வேலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். குறியெண்களை ஆய்வு தொடங்கும் முன் முடிவு செய்து, பிறகு தொடாமல் விடுங்கள்.

## அனுப்பவில்லை, போனிலேயே நிற்கிறது

முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வரைவில் இருந்தால் அது முடிக்கப்படவில்லை, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் போகாது. திறந்து, விடுபட்ட கட்டாயக் கேள்விக்குப் பதில் போட்டு, முடித்துவிட வேண்டும். கூட்டம் அதிகமான நாளில், ஆய்வகத்தில் சுகர் முடிவு வரட்டும் என்று படிவத்தை வரைவில் போட்டுவிட்டு மறந்துபோவது சகஜம். மாலையில் கடை அடைப்பதுபோல, ஓபி முடிந்ததும் வரைவுப் பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

"ரெடி டு சென்ட்" பட்டியலில் நின்றால் பிழைச் செய்தியைப் படியுங்கள், அதன் படத்தையும் எடுத்து வையுங்கள். சான்றிதழ் அல்லது பாதுகாப்பான இணைப்பு பற்றிய செய்தி என்றால் முதலில் போனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுதும் இறங்கி எழுந்த பழைய போன்களில் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். சர்வரின் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது என்று போன் நினைத்துக்கொண்டு இணைப்பை மறுக்கும். நேரத்தைத் தானியங்கியாக வைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த நாளில் அந்தப் போனில் நிரப்பிய படிவங்களின் தொடக்க நேரம் எல்லாம் தப்பாக இருக்கும் என்பதை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

வைஃபை குறி இருந்தும் போகவில்லை என்றால், மருத்துவமனை வைஃபை முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கம் கேட்கிறதா என்று பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து சோதியுங்கள். மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பாருங்கள். தானாக அனுப்பும் அமைப்பு "வைஃபை மட்டும்" என்று இருந்தால், மொபைல் டேட்டாவில் எவ்வளவு சிக்னல் இருந்தாலும் தானாகப் போகாது. கையால் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும்.

பயனர் அனுமதி மறுப்பு என்று வந்தால், சென்ட்ரலில் அந்தச் செயலிப் பயனரின் அணுகல் ரத்து செய்யப்பட்டிருக்கிறது. புதிய பயனரை உருவாக்கிப் புதிய க்யூஆர் கோடு தயாரியுங்கள். இங்கே கவனம் தேவை. அதைப் போனில் "புராஜெக்ட் சேர்" வழியாக ஸ்கேன் செய்தால் தனியாக ஒரு புதிய புராஜெக்ட் உருவாகும், நின்றுபோன பதிவுகள் பழையதிலேயே இருக்கும். பழைய புராஜெக்டைத் திறந்து, அதன் அமைப்புகளில் புராஜெக்ட் மேலாண்மைக்குள் போய், க்யூஆர் கோடு மூலம் மறு அமைப்பு செய்யுங்கள். அப்போது பழைய பதிவுகள் புதிய அனுமதியோடு போகும்.

சிறிய பதிவுகள் போய், படம் இணைத்தவை மட்டும் நிற்கின்றனவா? மருந்துச் சீட்டைப் போட்டோ எடுக்கும் கேள்விக்குப் படத்தின் அதிகபட்ச அளவைப் படிவத்திலேயே நிர்ணயிக்கலாம். சீட்டைப் படிக்க 1024 பிக்சல் போதும். ஏற்கெனவே எடுத்த பெரிய படங்களுக்கு நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோவதுதான் வழி.

## ஒரே நோயாளி இரண்டு முறை இருக்கிறார்

இதை மென்பொருள் பிழை என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் போன் ஒரு தனித்த அடையாள எண் கொடுக்கிறது. இணைப்பு அறுந்து இரண்டாம் முறை அனுப்பினாலும் அந்த எண்ணை வைத்துச் சர்வர் அதே பதிவுதான் என்று கண்டுகொள்ளும். ஆகவே இரண்டு அடையாள எண்களோடு ஒருவர் இருந்தால், இரண்டு முறை படிவம் நிரப்பப்பட்டிருக்கிறது என்றே பொருள். காலையில் பிபி அறையில் ஒருவரும், சுகர் சோதனைக்குப் பிறகு இன்னொருவரும் பதிந்திருப்பார்கள்.

பெயரை வைத்து இதைக் களைய முயலாதீர்கள். நம் ஊரில் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்து முன்னாலும் வரும் பின்னாலும் வரும், அப்பா பெயருக்கும் கணவர் பெயருக்கும் இடையே மாறும். லட்சுமி என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று ஓபி பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். போன் எண்ணும் உதவாது, வீட்டுக்கு ஒரு போன்தான். முதியவர்கள் மகனின் எண்ணைச் சொல்வார்கள், மகன் தனியாக வந்து அதே எண்ணைச் சொல்வார்.

முன்கூட்டியே அச்சடித்த ஆய்வு எண் ஸ்டிக்கர்தான் தீர்வு. ஒப்புதல் படிவத்தில் ஒன்று, ஓபி சீட்டில் அல்லது நோயாளியின் நோட்டில் ஒன்று. ஸ்டிக்கரில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருந்தால் கலெக்டின் பார்கோடு கேள்வி நேராகப் படித்துக்கொள்ளும், தட்டச்சே வேண்டாம். ஸ்கேனர் வேலை செய்யாத நாளுக்காக எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் வையுங்கள். ஐபிஎம்மில் வேலை செய்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் காப்புரிமை பெற்ற முறை இதற்குப் போதும். ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் அது கட்டாயம் பிடித்துவிடும். 1047 என்பதை 1074 என்று அடுத்தடுத்த இலக்கங்களை மாற்றி அடித்தாலும் பிடிக்கும். 09, 90 என்ற ஒரு ஜோடி மட்டும் தப்பிக்கும்.

மூன்று மாதம் கழித்து வரும் மறு பார்வைப் படிவம் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். சென்ட்ரலின் என்டிட்டி வசதியைப் பயன்படுத்தினால், முதல் படிவத்தில் பதிந்தவர்களின் பட்டியல் இரண்டாவது படிவத்தில் தேர்வுகளாக வரும். செவிலியர் எண்ணை அடிக்காமல் பட்டியலிலிருந்து எடுக்கலாம், வயதையும் பாலினத்தையும் திரையில் பார்த்து "இவர்தானா" என்று உறுதி செய்துகொள்ளலாம்.

## எண்கள் நம்பும்படி இல்லை

இந்த அறிகுறி பெரும்பாலும் பகுப்பாய்வின்போதுதான் தெரிகிறது, அப்போது திருத்த வழியிருக்காது. ஆகவே முதல் வாரத்திலேயே கோப்பை இறக்கி எண்களைக் கண்ணால் பாருங்கள். ஆய்வில் வேறு எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிபி 12080 என்று இருந்தால், இரண்டு எண்ணையும் ஒரே பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். மேல் எண்ணுக்கு ஒன்று, கீழ் எண்ணுக்கு ஒன்று என்று பிரியுங்கள். கீழ் எண் மேல் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் போடுங்கள்.

சுகர் 7.2 என்று இருந்தால் அது ஆபத்தான தாழ்நிலை அல்ல, அலகு வேறு. மில்லிமோல் கணக்கை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும்: கிட்டத்தட்ட 130. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவரும் குளுக்கோமீட்டரில் இப்படி வரும். கிரியாட்டினினில் மைக்ரோமோல் கணக்கை 88.4-ஆல் வகுத்தால் மில்லிகிராம் கணக்கு வரும். அலகைக் கேள்வியின் வாசகத்திலேயே எழுதுங்கள். வெளி ஆய்வக அறிக்கையிலிருந்து எண்ணை எடுப்பதாக இருந்தால் அலகைத் தனிக் கேள்வியாகவே வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் ஆய்வில் 98.6 பக்கத்தில் 37 வந்து உட்கார்வதும் இதே கதைதான்.

பிஎம்ஐ 0.0025 என்று வந்தால் உயரத்தைச் சென்டிமீட்டரில் வாங்கி, மீட்டராக மாற்றாமல் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 65 கிலோ, 160 சென்டிமீட்டர் என்றால் சரியான விடை 25.4. பிஎம்ஐ கட்டத்தில் எண்ணே இல்லாமல் "எண் அல்ல" என்ற பொருளுள்ள சொல் வந்தால் உயரமோ எடையோ காலியாக இருக்கிறது. இரண்டும் நிரம்பினால் மட்டும் கணக்கிடும்படி சூத்திரத்தில் நிபந்தனை சேருங்கள்.

வரம்பு நிபந்தனை போட்டும் கேள்வி காலியாக வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: பதில் காலியாக இருந்தால் வரம்பு நிபந்தனை சோதிக்கப்படுவதே இல்லை. காலியாக விடக் கூடாது என்றால் கேள்வியைத் தனியாகக் கட்டாயமாக்க வேண்டும். அதே சமயம் எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால், தெரியாத விடைக்கு ஏதோ ஓர் எண்ணை அடித்துவிட்டு நகர்வார்கள். எடை பார்க்கும் இயந்திரம் பழுதான நாளில் செவிலியர் வேறு என்ன செய்வார்? "அளக்கவில்லை" என்ற தேர்வைக் கொடுத்து, காரணத்தையும் கேளுங்கள்.

வரம்பை மிக இறுக்கமாகவும் வைக்காதீர்கள். மேல் பிபி 220-க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துவிட்டால், உண்மையாகவே 240 இருக்கும் ஒருவர் வரும் நாளில் 220 என்று பதிவாகும். ஆய்வில் மிக முக்கியமான நோயாளி அவர்தான். நடக்கவே முடியாத எண்ணைத் தடுங்கள். அரிதான எண்ணுக்கு "மறுபடி அளந்து பார்த்தீர்களா" என்று ஓர் எச்சரிக்கைக் குறிப்பு மட்டும் தோன்றட்டும். அந்தக் குறிப்பிலேயே "மருத்துவரிடம் உடனே சொல்லவும்" என்றும் எழுதலாம். ஆய்வுக்காக வந்தவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

விடுபட்ட பதிலுக்கு 999 போடுவது பழைய வழக்கம். ஒன்பது பேருக்கு 120, ஒருவருக்கு 999 என்றால் சராசரி 207.9. எண் கேள்வியில் 999-க்கு இடமே வேண்டாம். தெரியாது, சொல்ல விரும்பவில்லை, அளக்கவில்லை, பொருந்தாது ஆகிய நான்கும் வேறு வேறு செய்திகள். அவற்றைத் தனித் தேர்வுக் கேள்வியில் வாங்குங்கள்.

எந்த நிபந்தனையும் பிடிக்காத பிழை ஒன்று இருக்கிறது: எண்கள் அளவுக்கு மீறி அழகாக இருப்பது. பிபியின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். டிஜிட்டல் கருவி என்றால் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். இரண்டிரண்டாகக் கோடு போட்ட கையால் பார்க்கும் கருவி என்றால் இரட்டை இலக்கங்கள் ஐந்தும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் 0-வில் முடிந்தால் யாரோ தோராயமாக எழுதுகிறார்கள். வயது 40, 45, 50 என்று குவிவதும், பிறந்த தேதி ஜனவரி 1 என்று குவிவதும் மக்களுக்குத் தங்கள் பிறந்த நாள் தெரியாததால் வருவது, அதில் யார் மேலும் தவறு இல்லை. பிறந்த தேதியைக் கட்டாயப்படுத்தாமல், தோராய வயது என்று ஒரு வழி விடுங்கள். எந்த வழியில் வாங்கியது என்பதும் பதிவாகட்டும்.

## வருகை தேதி மறுநாளைக் காட்டுகிறது

திங்கட்கிழமை வந்த நோயாளிக்குச் செவ்வாய் என்று பதிவாகியிருக்கிறது. வருகை தேதியை "இன்று" என்ற கணக்கீடாக வைத்திருப்பீர்கள். படிவத்தைத் திறக்கும்போதும் முடிக்கும்போதும் கணக்கீடுகள் மறுபடி ஓடும். வரைவில் விட்டு மறுநாள் திறந்தால் "இன்று" என்பது மறுநாளாகிவிடும். அதை ஒரே முறை மட்டும் கணக்கிடும் "ஒன்ஸ்" செயற்கூறுக்குள் போடுங்கள், அல்லது கணக்கீடாக வைக்காமல் தேதிக் கேள்விக்கு முன்னிருப்பு விடையாக "இன்று" என்று கொடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகளுக்குப் படிவத்தின் தொடக்க நேரத்தைப் பாருங்கள். "ஸ்டார்ட்" என்ற மறைப் புலத்தைப் படிவத்தில் வைத்திருந்தால் அது முதலில் திறந்த நேரத்தை அப்படியே வைத்திருக்கும்.

## கேள்வி வர வேண்டிய இடத்தில் வரவில்லை

நீரிழிவு என்று தேர்ந்தெடுத்தவருக்கு மாத்திரைக் கேள்வி வருகிறது, நீரிழிவும் ரத்த அழுத்தமும் தேர்ந்தெடுத்தவருக்கு வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே காரணம் தெரியும். பல விடைக் கேள்விக்கு "சமம்" குறி போட்டு நிபந்தனை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு விடை இருந்தால் பதில் "1 3" என்று இடைவெளியோடு சேமிக்கப்படும், அது 1-க்குச் சமம் ஆகாது. பல விடைக் கேள்விகளுக்கு "செலக்டட்" செயற்கூறைத்தான் பயன்படுத்த வேண்டும். இதன் தீவிரம் என்னவென்றால், ஒரே ஒரு நோய் இருப்பவர்களிடம் மட்டும் மாத்திரை விவரம் சேர்ந்து, பல நோய் உள்ளவர்களின் தரவு மொத்தமாக விடுபட்டுப்போகும். படிவத்தைச் சோதிக்கும்போது ஒரே விடையை மட்டும் தொட்டுப் பார்த்தால் இது தெரியாது.

நிரப்பிய பதில் காணாமல் போவதும் இதே குடும்பம். பெண் என்று போட்டு, கர்ப்பம் பற்றிய கேள்விகளை நிரப்பிவிட்டு, பின்னால் போய் விரல் தவறி ஆண் என்று மாறினால் அந்தக் கேள்விகள் மறைந்துவிடும். அப்படியே முடித்தால் அந்தப் பதில்கள் அழிந்துவிடும். முடிப்பதற்கு முன் வயது, பாலினம், ஆய்வு எண் மூன்றையும் காட்டும் ஒரு சுருக்கத் திரையைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள்.

## தமிழ் எழுத்து சிதைந்து வருகிறது

இதில் மூன்று வேறு நோய்கள் ஒரே அறிகுறியோடு வருகின்றன.

இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்ததும், தமிழ் இருந்த இடமெல்லாம் உச்சிக்குறி வைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் கோப்பு நன்றாகவே இருக்கிறது, எக்செல் அதைத் தவறான குறியாக்கத்தில் படிக்கிறது. சேமிக்காமல் மூடுங்கள். காலி எக்செலைத் திறந்து, டேட்டா தாவலில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் போய், குறியாக்கம் 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அதே திரையில் ஆய்வு எண், போன் எண் பத்திகளை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 0047 என்ற ஆய்வு எண் 47 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்களின் கடைசி இலக்கங்களை எக்செல் பூஜ்ஜியமாக்கிவிடும். 3/4 என்ற தேதியை ஏப்ரல் 3 என்பதா மார்ச் 4 என்பதா என்பதையும் அந்தக் கணினியின் அமைப்பு தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும்.

தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக இருந்தால், யாரோ அந்தக் கோப்பைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறார்கள். அந்தக் கோப்பில் தமிழ் அழிந்தேவிட்டது, எந்த மாற்றியும் மீட்காது. சர்வரிலிருந்து மறுபடி இறக்குங்கள். இதனால்தான் இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு கோப்புறையில் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

படிவத்திலேயே கேள்வி அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தால், பழைய வினாத்தாள் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சானது. வேர்டில் அந்த எழுத்துரு இருந்ததால் தமிழாகத் தெரிந்திருக்கும். யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றி, பிறகு ஒவ்வொரு வரியையும் தமிழ் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு.

## மருந்து விவரங்கள் கோப்பில் இல்லை

ஒரு நோயாளிக்குப் பல மருந்து என்று திரும்பத் திரும்ப வரும் பகுதியாக வைத்திருந்தால் அவை முதன்மைக் கோப்பில் வராது. சென்ட்ரல் அவற்றைத் தனி சிஎஸ்வி கோப்பாக அதே ஜிப்பில் தரும். அதில் உள்ள "பேரன்ட் கீ" பத்தி, முதன்மைக் கோப்பின் "கீ" பத்தியோடு பொருந்தும். கோபோவில் பேரன்ட் இன்டெக்ஸ், இன்டெக்ஸ். வரிசை எண்ணை வைத்து ஒட்டாதீர்கள், ஒரு மருந்தும் வாங்காத நோயாளி வரும் இடத்தில் எல்லாம் நகர்ந்துவிடும்.

மருந்துப் பட்டியலைத் தட்டியதும் போன் உறைந்து நின்றால், ஆயிரக்கணக்கான பெயர்களைப் படிவத்துக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். அதை வெளி சிஎஸ்வி கோப்பாக இணைத்து, தேடும் வசதியோடு தேர்வுக் கேள்வியாக்குங்கள்.

## போன் தொலைந்துவிட்டது

உடனே சென்ட்ரலில் அந்தப் போனுக்குரிய செயலிப் பயனரின் அணுகலை ரத்து செய்யுங்கள். போனுக்கு ஒரு பயனர் என்று தனித்தனியாக வைத்திருந்தால்தான் இது மற்றவர்களின் வேலையை நிறுத்தாமல் நடக்கும். எல்லா போனுக்கும் ஒரே க்யூஆர் கோடு கொடுத்திருந்தால் எல்லாரையும் நிறுத்த வேண்டியிருக்கும். பிறகு, சர்வரில் அந்தப் பயனரின் கடைசிப் பதிவு எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள். சென்ட்ரல் இறக்கித் தரும் கோப்பில் ஏறிய நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்தப் போனில் யார் யாரைப் பதிந்தார்கள் என்பதை ஒப்புதல் படிவக் கட்டிலிருந்து எடுங்கள். அத்தனை பேரின் தகவலும் வெளியே போயிருக்கலாம் என்று கொண்டு, நிறுவன நெறிக்குழுவுக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டி, நோயாளியின் தகவலைக் காக்கும் பொறுப்பை ஆய்வு செய்பவர் தலையில் வைக்கிறது.

கடவுத்தொடர் (நீளமான கடவுச்சொல்) இல்லாமல் படிக்க முடியாதபடி படிவம் மறைகுறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருந்தால், முடித்த பதிவுகளைப் போனை எடுத்தவர் படிக்க முடியாது. வரைவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மறைகுறியாக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு: அந்தக் கடவுத்தொடரை மறந்தால் சர்வரில் ஏறிய தரவையும் யாராலும் திறக்க முடியாது, சர்வரை நடத்துபவராலும் முடியாது. ஆய்வை வழிநடத்தும் மாணவர் படிப்பு முடித்துக் கிளம்பும்போது அது அவரோடு போய்விடும் வாய்ப்பு அதிகம். கடவுத்தொடரைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, துறைத் தலைவரின் பூட்டிய அலமாரியில் ஒன்றும் ஆய்வு வழிகாட்டியிடம் ஒன்றும் வையுங்கள். முதல் நோயாளியைப் பதியும் முன், அந்த உறையில் உள்ளதை வைத்து ஒரு சோதனைப் பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.